இருபத்தொன்பது நாள் தண்ணீர்

பிப்ரவரி 5, திங்கள்

ஜனவரி மாதத்துச் சோதனை முடிவு தபாலில் வந்தது. ஆர்சனிக் மூன்று. பத்து வரை இருக்கலாம் என்பது விதி. காலனிக் கிணற்றில் தொண்ணூறு இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் சாமக்கரடு சுரங்கத்து ஜனங்கள் இரண்டு தலைமுறையாகக் குடித்தார்கள். உள்ளங்கை தடித்துப்போன கிழவர்களையும் கிழவிகளையும் எந்தத் தொழிலாளர் லைன் வீட்டிலும் பார்க்கலாம்.

தங்கம் தீர்ந்து சுரங்கத்தை மூடி இருபத்து மூன்று வருடம் ஆகிறது. மூன்றாம் குழியில் தண்ணீர் துரு நிறத்தில் நிரம்பிக் கிடக்கிறது. போர்வெல்கள் எண்ணூறு அடியிலும் வறண்டுவிட்டதால் அந்தக் குழித் தண்ணீரையே சுத்தம் செய்து குடிக்க ஓர் அறக்கட்டளை ஆர்.ஓ. பிளான்ட் போட்டுக் கொடுத்தது. தண்ணீர் முதலில் பெரிய தொட்டி, பிறகு மணல், பிறகு கரி, கடைசியில் மெம்பிரேன் என்று நான்கு படி தாண்டி வருகிறது. மெம்பிரேன் என்பது குழாய்க்குள் சுருட்டி வைத்த மெல்லிய சவ்வு. நூற்று முப்பத்திரண்டு வீடுகளுக்கு அதிலிருந்துதான் குடிநீர்.

தண்ணீர்க் குழுவுக்கு வார்டு மெம்பர் முனிரத்தினம் தலைவர், நான் செயலாளர். நூற்றிருபது பக்க இயக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் படித்த பிள்ளைகள் எல்லாம் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். எழுபத்தேழு வயதில் நான் மிஞ்சியிருக்கிறேன்.

மாலை: திரைச்சீலை வளையங்கள் பதினாறில் இரண்டைக் காணவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

காலையில் பிளான்ட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைத்த குளோரின் வாடை. ஆபரேட்டர் துரைக்கண்ணு கேனிலிருந்து மருந்தைச் சின்ன பம்ப்புக்கு ஊற்றிக்கொண்டிருந்தான். அந்த பம்ப் அதைச் சொட்டுச் சொட்டாகப் பெரிய தொட்டிக்குள் விடுகிறது.

"இது என்ன துரைக்கண்ணு?"

"கொளோரின் மேடம். டெய்லி வுடறதுதான். இஞ்சினியர் சாரு சொல்லிக் குடுத்தாரு."

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். பக்கம் 41. மெம்பிரேன் மீது குளோரின் படவே கூடாது, பட்டால் நிரந்தரச் சேதம், உத்தரவாதம் ரத்து. கறுப்பு எழுத்தில், கட்டம் போட்டு அச்சிட்டிருக்கிறது. புத்தகத்தோடு திரும்பிப் போய் அவனிடம் காட்டினேன்.

"எனக்கு இங்கிலீஸ் எட்டாது மேடம். ஆனா வுட்டே ஆவணும்னு சாரு ரெண்டு வாட்டி சொன்னாரு."

"எங்கே எழுதியிருக்கிறது, காட்டு. வாயால் சொன்னது வாயோடு போகும். இது அச்சில் இருக்கிறது."

அவனிடம் பதில் இல்லை. பம்ப்பின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பதிவேட்டில் குளோரின் பத்தியில் இன்றுமுதல் பூஜ்யம் எழுதச் சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டான். நாற்பது லட்சம் ரூபாய்ப் பொருளை ஒரு கேன் பிளீச்சிங் தண்ணீர் அரித்துத் தின்ன இருந்தது.

ஒரு விஷயத்தைப் படிக்கும்போது அதன் அடி வரை படி என்று கான்வென்ட் பள்ளியில் மதர் பெர்னதெத் சொல்வார். இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்?

பிப்ரவரி 9, வெள்ளி

வாடை போய்விட்டது.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு குழாயடிக்குப் போனேன். டி.டி.எஸ். பேனாவைத் தண்ணீரில் முக்கினால் 38 காட்டுகிறது. உப்பு எவ்வளவு என்று அந்தப் பேனா சொல்லும். சென்ற மாதம் 41. எண் இறங்கியிருக்கிறது.

"தண்ணி இப்பதான் தண்ணி மாரி கீது" என்றாள் பி லைன் வெங்கடம்மா. "மொதல்ல இந்தப் பக்கமே ஆஸ்பத்திரி நாத்தம் நாறிக்கினு இருந்துச்சி. இன்னா மந்திரம் போட்ட?"

அவள் என்னை விட மூன்று வயது மூத்தவள். யாரையும் ஒருமையில்தான் கூப்பிடுவாள். மந்திரம் இல்லை, படிப்பு என்றேன். சிரித்தாள்.

வாரக் கடைசிப் பதிவேடுகளில் டிக் போட்டேன். டிக் போடுவது, பார்த்தேன் என்பதற்கு மட்டும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

துரைக்கண்ணுவின் மனைவி குணவதி துணிகளுக்குக் கஞ்சி போட வந்தாள். மருமகளுக்கு ஏழாம் மாதம். வயிறு சரியாக ஏறவில்லை என்று நர்ஸ் சொன்னாளாம்.

"நல்ல தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல். பிளான்ட் தண்ணீர் மட்டும்" என்றேன்.

"அதான் குடுக்கறேன் மேடம். கெணத்துத் தண்ணிய தொடவே வுடறதில்ல." கஞ்சியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்க வூட்ல மட்டும் அந்தக் காலத்துலேயே மழைத் தண்ணிதான் இல்ல? பின்னாடி அவ்ளோ பெரிய இரும்புத் தொட்டி. எங்க மாமியா சொல்லிக்கினே இருக்கும், பங்களாவுல கெணத்துத் தண்ணி பொழங்க மாட்டாங்கன்னு."

மழைத் தண்ணீரில் தேநீர் நன்றாக வரும் என்று சொன்னேன். அது உண்மைதான்.

காலரில் கஞ்சி அதிகம். இரண்டு சட்டைகளைத் திரும்ப அலசச் சொன்னேன். அவை என் கணவருடைய சட்டைகள். வருடத்துக்கு இரண்டு முறை துவைத்து வைப்பது வழக்கம்.

பிப்ரவரி 26, திங்கள்

மாதத் தண்ணீர் மாதிரி எடுத்து அனுப்பியாயிற்று. பாட்டிலில் பெயர், தேதி, நேரம் மூன்றையும் நானே எழுதினேன்.

மார்ச் 8, வெள்ளி

பத்தரைக்குச் சோதனைக்கூடத்திலிருந்து போன். ஆர்சனிக் நாற்பத்தாறு. பாட்டில் மாறியிருக்கும் என்றேன். நான் எழுதிய எழுத்துக்களை அந்தப் பெண் அப்படியே வாசித்துக் காட்டினாள்.

பதினோரு மணிக்குக் குழாய்களை மூடச் சொன்னேன். முனிரத்தினம் லாரித் தண்ணீருக்கு அலைகிறார். பிளான்ட்டைப் போட்ட இன்ஜினியர் ஹாரூன் நாளை சென்னையிலிருந்து வருகிறார்.

மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 9, சனி

ஹாரூனுக்கு முப்பது வயது இருக்கும். பேசுவதற்கு முன் தண்ணீரையும் மெம்பிரேனையும் பார்த்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"பிப்ரவரி எட்டாம் தேதியிலிருந்து குளோரின் பூஜ்யம்னு இருக்கே?"

அவர் முனிரத்தினத்துக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். குழியின் அடியில் காற்றில்லை. அங்கிருந்து வருகிற ஆர்சனிக் மெம்பிரேனில் சிக்காமல் வழுக்கிப் போகிற வகை. குளோரின் பட்டால் அது சிக்குகிற வகையாக மாறும். பாதி மணலில் நிற்கும், மீதியை மெம்பிரேன் நிறுத்தும்.

"குளோரின் பட்டா மெம்பிரேன் கெட்டுடாதா சார்?" என்று முனிரத்தினம் கேட்டார். நல்ல கேள்வி.

"கெட்டுடும். அதனாலதான் நடுவுல கரித் தொட்டி. கரி குளோரினைத் தின்னுடும், மெம்பிரேனுக்குப் போறதே இல்ல. பக்கம் 12ல படமே போட்டிருக்கு."

"டி.டி.எஸ். 38தான் காட்டியது" என்றேன்.

"அந்தப் பேனாவுக்கு ஆர்சனிக் தெரியாது மேடம். அது உப்பை மட்டும்தான் பார்க்கும்." பதிவேட்டை மூடினார். "யார் நிறுத்தச் சொன்னது?"

துரைக்கண்ணு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு முறை கூட என் பக்கம் திரும்பவில்லை. முனிரத்தினம் கத்தினார்: "வாயில இன்னாய்யா கொழுக்கட்டையா? மருந்து ஊத்த சோம்பல் பட்டுக்கினு நிறுத்திட்டியா? கேனை வித்துட்டியா?"

லாரி எத்தனை மணிக்கு வரும் என்று நான் கேட்டேன். நான் அந்த இடத்தில் கேட்டது அது ஒன்றுதான்.

மார்ச் 10, ஞாயிறு

பக்கம் 12. தொட்டி, மணல், கரி, மெம்பிரேன். அம்புக்குறிகள். தொட்டியின் தலைமேல் ஒரு சின்ன பம்ப் வரைந்து குளோரின் என்று எழுதியிருக்கிறது. ஒரு குழந்தைக்குக் கூடப் புரியும். படம் வேலையாட்களுக்கு என்று நினைத்துத் தாண்டியிருக்கிறேன்.

எட்டு முதல் எட்டு வரை. இந்த வருடம் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். அத்தனை நாளும் குடித்திருக்கிறார்கள். நானும் குடித்தேன்.

லாரித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் துரைக்கண்ணுவின் குடத்தை யாரோ உதைத்து உருட்டினார்களாம். பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது கேட்டது.

திரைச்சீலைகளைத் துவைத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

குணவதி வந்தாள். வேலைக்கு வரவில்லை. வாசல்படியைத் தாண்டாமல் நின்றாள். காபி வேண்டுமா என்று கேட்டேன்.

"காபி வோணாம் மேடம். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. மருந்த நிறுத்தச் சொன்னது நீங்கதானே?"

"யார் சொன்னது?"

"அவரு சொல்லல. அவரு சொல்ல மாட்டாரு. நைட்டு டூட்டி பாக்கற பையன் பக்கத்துல நின்னுக்கினு கேட்டிருக்கான். நான் போயி ஊரக் கூட்டட்டுமான்னு கேட்டேன். 'நீ போவாத, மேடமே சொல்லுவாங்க'ன்றாரு. மூணு நாளா அதையே சொல்லிக்கினு குந்திக்கினு இருக்காரு. சோறு எறங்கல அந்த மனுசனுக்கு."

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"மருமவள டவுனு ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டுக்கினு போனோம். மூத்திரம் டெஸ்டுக்குக் குடுத்துக்கீது. உங்க பேச்சக் கேட்டு அந்தத் தண்ணியத்தான் மேடம் சொம்பு சொம்பா குடுத்தேன்."

குரல் உயரவில்லை. அழவும் இல்லை. பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "மேடமே சொல்லுவாங்களாம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

ஞாயிறு கூட்டத்தில் விசாரித்துக்கொள்வார்கள். அதற்கென்று முறை இருக்கிறது.

மார்ச் 14, வியாழன்

முனிரத்தினம் வந்தார். துரைக்கண்ணுவை வேலையைவிட்டு நீக்குவது, போலீஸில் புகார் கொடுப்பது, இரண்டையும் ஞாயிறு கூட்டத்தில் வைக்கப் போகிறார். கேஸ் போட்டால் உள்ளே வைப்பார்களாம்.

"புகார நீங்களே எழுதிடுங்கம்மா. உங்க கையெழுத்து முத்து மாரி இருக்கும். படிக்கறவனுக்கே ஒரு மரியாத வரும்."

அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆர்வமாகக் குடித்தார்.

மார்ச் 15, வெள்ளி

மூன்று முறை எழுதினேன். "மேற்படி நபர் யாரிடமும் கலந்தாலோசிக்காமல், தன்னிச்சையாக..." என்று தொடங்குகிற வாக்கியம் ஒவ்வொரு முறையும் அங்கேயே நிற்கிறது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

மார்ச் 16, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியாரிடம் பொறுமையின்மை, அகந்தை என்று சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். இவ்வளவு சுலபமாக விட்டது எனக்குக் கோபமாக வந்தது. அவரிடம் கோபப்பட என்ன இருக்கிறது? நான் சொன்னது அவ்வளவுதானே.

வேறொன்றையும் எழுதிவிடுகிறேன். என் கணவர் சூசைநாதன் சுரங்கத்து ஆய்வுக் கூடத்தில் தலைமை ரசாயன நிபுணர். கல்லில் எவ்வளவு தங்கம் என்று பார்த்துச் சொல்கிற வேலை. 1989 ஜூன் மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர், சமையல்காரரைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து இந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர் கூடாது என்றார். அடுத்த வாரம் இரும்புத் தொட்டி வந்தது. லைன் வீடுகளில் யாருக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. மேலிடத்து உத்தரவாக இருக்கலாம். அவர் கெட்டவர் இல்லை.

ஏன் என்று நான் அவரைக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிவதுதான் நல்ல வளர்ப்பு என்று அன்று நினைத்தேன்.

தேநீர் நன்றாக இருந்ததும் உண்மை.

மார்ச் 17, ஞாயிறு

பழைய யூனியன் ஆபீசில் கூட்டம். இருநூறு பேருக்கு மேல். துரைக்கண்ணுவைத் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஹாரூனும் வந்திருந்தார். முனிரத்தினம் மைக்கைத் தட்டி, "செயலாளரம்மா புகாரப் படிப்பாங்க" என்றார்.

எழுந்து நின்றேன். கையில் இருந்த காகிதத்தில், அந்த வாக்கியத்தில், பெயர் வேறாக இருந்தது. காலையில் பூசைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதியது.

"பிப்ரவரி எட்டாம் தேதி குளோரினை நிறுத்தச் சொன்னது நான். எமிலி சூசைநாதன். புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்தேன், இன்னொரு பக்கத்தைப் படிக்கவில்லை. இந்த மனிதர் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை."

ஒரே கூச்சல். பின்னாலிருந்து ஒருவன், "தொரசாணிக்கு இங்கிலீஸ் தெரியும்டா! எங்க மூத்திரத்துல வெசம்!" என்று கத்தினான். சிலர் சிரித்தார்கள். முனிரத்தினம் என் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார். "அவன காப்பாத்தறதுக்காக வயசானவங்க ஏதோ சொல்றாங்க, வுட்டுடுங்கய்யா" என்றார். நான் உட்காரவில்லை.

அப்போது துரைக்கண்ணு எழுந்தார். "நானும் இஞ்சினியர் சார ஒரு வார்த்த கேட்டிருக்கணும். தப்பு எம்மேலயும் கீது."

"நீங்கள் கேட்கத்தான் போனை எடுத்தீர்கள்" என்றேன். "நான்தான் கீழே வைக்கச் சொன்னேன். அச்சில் இருப்பதற்கு மேல் அந்த இன்ஜினியர் பையனுக்கு என்ன தெரியும் என்றேன்."

எட்டாம் தேதிப் பக்கத்தில் இதை எழுதாமல் விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். 'அவனிடம் பதில் இல்லை' என்று இருக்கிறது.

ஹாரூன் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து வெங்கடம்மா எழுந்து வந்தாள். கூட்டம் அவளுக்கு வழி விட்டது. என் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். உள்ளங்கை முழுக்கக் கல் பதித்த மாதிரி சின்னச் சின்ன முடிச்சுகள். ஒரு கையில் நடுவிரல் இல்லை. அழுகி எடுத்தது என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும்.

"இது ஒரு மாசத் தண்ணியில வந்தது இல்ல. நாப்பது வருசத் தண்ணி. உன் வூட்டுக்காரருக்கு அப்பவே தெரியுமா? இன்னிக்கி நெசம் பேசற நாளா கீதே, அதான் கேக்கறேன்."

முனிரத்தினம், "செத்தவங்களப் பத்தி எதுக்கு ஆயா" என்றார்.

முப்பத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தேன். மாலையில் வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். ஒரு நாள் கூட என்னிடம் குரலை உயர்த்தியதில்லை.

"தெரியும்" என்றேன். "அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும்."

வெங்கடம்மா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அப்போ அதையும் எழுது" என்றாள். போய் உட்கார்ந்துவிட்டாள்.

துரைக்கண்ணு வேலையில் தொடர்வார் என்று கை தூக்கி முடிவானது. என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்கும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். குளோரின் பம்ப்பை ஹாரூன் இன்றே ஓட விட்டுவிட்டார். மெம்பிரேனுக்குச் சேதம் இல்லை. இரண்டு முறை சோதித்து, இரண்டும் பத்துக்குள் வந்தால்தான் குழாயைத் திறப்பார்கள்.

புகார் வேண்டுமா என்று முனிரத்தினம் இழுத்தார். வேண்டும் என்று பலர் சொன்னார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு வைத்தியம் கேட்கவாவது காகிதம் வேண்டும் என்றார் ஹாரூன். நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

ஒன்பது மணி பஸ்ஸில் டவுன் ஸ்டேஷனுக்குப் போனேன். அதே பஸ்ஸில் குணவதி முன் ஸீட்டில் இருந்தாள். மருமகளின் டெஸ்ட் முடிவு வாங்கப் போகிறாள். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

ஏட்டு என் காகிதத்தை இரண்டு முறை படித்தார். வெங்கடம்மா கேட்டதை இரண்டாவது பத்தியாகச் சேர்த்திருந்தேன். 1989, ஜூன். சூசைநாதன் என்ற பெயரை முழுதாக எழுதினேன்.

"யாரும்மா எழுதினது?"

"நான்."

"யார் மேல புகாரு?"

"என் மேல்."

பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "புகார் குடுக்கறவங்களும் நீங்க, குத்தவாளியும் நீங்க. என் சர்வீஸ்ல இப்டி ஒண்ண நான் பாத்ததில்ல. இதுக்கு நான் எந்த ரசீதக் கிழிக்கறது? பாதிக்கப்பட்டவங்க யாராவது கையெழுத்துப் போட்டாத்தாம்மா எடுக்க முடியும். போயி யாரையாவது கூட்டிக்கினு வாங்க. இல்லன்னா வூட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க." பின்னாலிருந்த காவலர் சிரித்தார்.

யாரைக் கூட்டி வருவது? பெஞ்சில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி ஆயிற்று. இப்போது எழுந்து போய்விட்டால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. நான் கொடுத்தேன், அவர்கள் எடுக்கவில்லை. அது உண்மையாகவும் இருக்கும். அந்த நினைப்பு எவ்வளவு சௌகரியமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது என்பதையும் எழுத வேண்டும்.

பன்னிரண்டரைக்குக் குணவதி உள்ளே வந்தாள். கையில் ஆஸ்பத்திரிக் கவர். என்னிடம் நிற்காமல் நேராக ஏட்டின் மேஜைக்குப் போனாள்.

"என் மருமவளுக்கு மூத்திரத்துல ஆர்சனிக் கீதுன்னு எழுதிக் குடுத்துக்கீறாங்க. அதிகம்தான், ஆனா எறங்கிடும், கொழந்தைக்கு மாசா மாசம் பாக்கணும்னாங்க. இந்தம்மா குடுத்த காயிதத்துக்கு யாரு கையெழுத்து வோணும்?"

"இந்தம்மா மேல புகார் குடுக்கறதுன்னா பாதிக்கப்பட்டவங்க போடணும்."

"நான் போடறேன்."

"படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா."

"படிச்சே காட்டச் சொல்லுங்க, அவங்களையே."

முழுவதையும் படித்தேன், இரண்டாவது பத்தியையும். அவள் நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏட்டைப் பார்த்தாள். அவர் தன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

நான் என்னுடையதைத் திறந்து கொடுத்தேன். அழுத்திப் பெரிதாக எழுதினாள்: து. குணவதி.